காஜா எடுக்காத சட்டை: எதிர்காலம் காணும் தையற்காரரின் கதையைச் செப்பனிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நகைச்சுவை கலந்த மர்ம நாவல் ஒன்றின் கைப்பிரதி எங்கள் சிறு பதிப்பகத்துக்கு வந்து சேர்ந்தது முதல் அதன் இரண்டாம் அச்சு வெளிவந்தது வரையிலான ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் கால வேலையை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அந்தக் கைப்பிரதியைச் செம்மை செய்யும் பொறுப்பு என்னுடையது. நூலாசிரியர், படித்து உதவிய மூவர் ஆகியோரின் பெயர்களும் நூலின் தலைப்பும் அவர்களுடைய விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன. கதையின் முடிச்சை மறைத்துவிட்டு எடுத்த முடிவுகளை விளக்க இயலாது என்பதால், நூலாசிரியரின் ஒப்புதலோடு அதை இங்கே வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

கதை கும்பகோணத்தில் நடக்கிறது. ஆண்களுக்கான தையற்கடை நடத்தும் ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு ஒரு விந்தையான ஆற்றல் இருக்கிறது. ஒருவருக்கு அவர் அளவெடுக்கும்போது, அந்தத் துணி தைத்து முடிந்து முதன்முதலாக உடுத்தப்படும் தருணம் சில நொடிகள் அவர் கண்முன் தோன்றி மறையும். பெரும்பாலும் அவை அற்பக் காட்சிகள்தான். வேலைக்கான நேர்காணலில் ஒருவருக்கு அக்குளில் வியர்த்திருக்கும். பெண் பார்க்கப் போன வீட்டில் இன்னொருவரின் மார்பில் பஜ்ஜி எண்ணெய் சொட்டியிருக்கும். ஒருநாள் நகைக்கடன் கடையில் கணக்கெழுதும் ஒருவர் வெள்ளைத் துணியோடு வருகிறார். அளவெடுக்கும்போது, சட்டையின் மார்பு முழுவதும் சிவப்பாக நனைந்திருப்பதும், அதை உடுத்தியவர் பின்பக்கமாகச் சாய்வதும் தெரிகின்றன. அந்தச் சட்டை முடிந்தால் அந்த நாள் வந்துவிடும் என்று அஞ்சும் தையற்காரர், காஜா (பொத்தான் துளை) எடுக்காமலே அதை அலமாரியில் ஒளித்து வைக்கிறார்.

நூலாசிரியருக்கு இது முதல் நாவல். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பணியாற்றும் அவர், சிறுவயதில் ஒரு தையற்கடையின் மாடியில் குடியிருந்தவர். கைப்பிரதியை நான் ஏற்றுக்கொள்ளக் காரணமாக இருந்தது ஒரே ஒரு கற்பனைதான். ஓர் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தையற்காரர் நாள் கடத்துகிறார். தெருவில் ஒருவருக்கும் ஐயம் வரவில்லை, ஏனென்றால் தையற்காரர் நாள் கடத்துவது உலக வழக்கம். "வெள்ளிக்கிழமை வாங்க" என்ற வழக்கமான பதிலுக்குள் மரண பயம் ஒன்றை ஒளித்து வைக்க முடியும் என்று கண்டுபிடித்தவரிடம் நல்ல நாவல் ஒன்று இருக்கிறது என்று நம்பினேன். அந்த நம்பிக்கை இன்றும் மாறவில்லை.

முதல் வாசிப்பில் கண்டவை

கைப்பிரதி 31 அத்தியாயங்கள் கொண்டிருந்தது. முதல் எட்டு அத்தியாயங்களை ஒரே மூச்சில் படித்த நான், அதன் பிறகு ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் எழுந்து சென்றேன். மொழி தளரவில்லை, நிகழ்ச்சிகளுக்கும் குறைவில்லை. ஆகவே சோர்வுக்கான காரணத்தைக் கண்டறிய, கதையில் வரும் காட்சிகளை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் ஓசையே இல்லாமல் வந்த காட்சி, ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பெயரை உரக்கச் சொல்லியது. பதினான்கில் சுவரிலிருந்த நாட்காட்டியின் தேதி தெளிவாகத் தெரிந்தது. பத்தொன்பதில் குற்றவாளியின் முகம் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் காட்சி மங்கலானது. இருபத்திரண்டில் அளவெடுக்காமலேயே, பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு காட்சி வந்தது. எந்த நேரத்தில் எதைக் காட்டினால் கதை நகருமோ அந்த நேரத்தில் அது காட்டப்பட்டது; எதை மறைத்தால் கதை நீளுமோ அது மறைக்கப்பட்டது.

எதிர்காலத்தைக் காணும் மனிதரைப் பற்றிய மர்மக் கதைக்கு இயல்பாகவே ஒரு வலிமை உண்டு. திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதைச் சிறப்பாக விளக்கினார். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் அது வெடித்தால் அவருக்குக் கிடைப்பது 15 நொடித் திகைப்பு. முன்னதாகவே தெரிந்திருந்தால் கிடைப்பது 15 நிமிடப் பதைப்பு. வருவதைக் காணும் பாத்திரம் ஒன்று கதைக்குள் இருக்கும்போது அந்தக் குண்டு முதல் பக்கத்திலேயே வாசகருக்குக் காட்டப்பட்டுவிடுகிறது. ஆனால் எங்கள் கைப்பிரதியில் அத்தியாயத்துக்கு ஒருமுறை குண்டின் இடமும் அளவும் மாறிக்கொண்டிருந்தன. அடுத்த காட்சி எதையும் சொல்லலாம், எதையும் மறைக்கலாம் என்று தெரிந்துவிட்ட வாசகர், கண்டதை நினைத்து அஞ்சுவதை நிறுத்திவிடுகிறார்.

முதல் முடிவும் அதன் தோல்வியும்

நோயைச் சரியாக அறிந்தும் தவறான மருந்து கொடுத்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். நூலாசிரியரிடம் இரண்டு மாற்றங்களைக் கேட்டேன். இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டும் என்பது ஒன்று. பின்பாதியில் நகைச்சுவையைக் குறைத்து வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது மற்றொன்று. மர்மக் கதையில் சிரிப்பு வேகத்தைத் தடுக்கும் என்று அப்போது உறுதியாக எண்ணியிருந்தேன்.

இரண்டரை மாதங்களில் அவர் திருத்திய படி வந்தது. ஆற்றலின் மூலத்தைச் சொல்வதற்காகத் தையற்காரரின் பாட்டனார் வைத்தீசுவரன்கோயிலில் நாடி பார்க்கச் சென்ற கதை மூன்று அத்தியாயங்களாக வளர்ந்திருந்தது. அது தன்னளவில் நன்றாக எழுதப்பட்டதுதான். ஆனால் நாடி சோதிடத்தில் நம்பிக்கை உள்ளவர் ஒரு விதமாகவும் இல்லாதவர் வேறு விதமாகவும் அந்தப் பகுதியோடு வாதாடத் தொடங்குவார்கள். அதற்குள் அலமாரியில் இருக்கும் வெள்ளைச் சட்டை மறந்து போய்விடும். காட்சிகளின் ஒழுங்கின்மையும் அப்படியே இருந்தது, ஏனென்றால் மூலத்தைக் கேட்ட நான் ஒழுங்கைக் கேட்கவில்லை.

பதிப்பகத்தில் மதிய உணவுக்குப் பிறகு இரண்டு அத்தியாயங்களை உரக்கப் படித்துக் காட்டினேன். கேட்டவர்கள் ஐந்து பேர். முந்தைய வடிவத்தில் சிரித்த இடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை, பதற வேண்டிய இடத்தில் யாரும் பதறவில்லை. சிரிப்பை எடுத்தபோது அச்சமும் கூடவே போய்விட்டது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. இரண்டும் ஒரே வேரில் நிற்கின்றன என்று அப்போது தோன்றியதே தவிர, அந்த வேர் எது என்று சொல்லத் தெரியவில்லை. நூலாசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, அவருடைய உழைப்பை நான் வீணாக்கிவிட்டதைச் சொல்லி, பழைய படிக்கே திரும்பலாமா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "சரிங்க சார், ஆனா இந்தத் தடவை நம்ம ரெண்டு பேரைத் தவிர வேற யாராவது படிக்கட்டும்" என்றார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அது. அதை எடுத்தவர் அவர்.

மூன்று வாசகர்கள்

பழைய படியை மூவரிடம் கொடுத்தோம். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. இன்னொருவர் கைப்பேசியில் மர்மக் கதைகளை வேகமாகப் படித்துத் தள்ளும் கல்லூரி மாணவர். மூன்றாமவர் எங்கள் தெருவிலேயே பல்லாண்டுகளாகக் கடை வைத்திருக்கும் தையல் மாஸ்டர். கருத்துக் கேட்கவில்லை, படிப்பதை எந்தப் பக்கத்தில் நிறுத்திக் கீழே வைத்தார்களோ அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தரும்படி மட்டும் கேட்டோம். நிறுத்திய இடத்தைப் பற்றி வாசகரின் கை பொய் சொல்லாது.

ஆசிரியையின் முதல் கோடு நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. அங்கே பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் கொலை செய்யப்படுகிறார். அடுத்த கோடு ஒன்பதில், காட்சி ஒரு பெயரைச் சொல்லிவிட்ட இடத்தில். மாணவர் இடையில் எங்கும் நிறுத்தவில்லை. ஆனால் பத்தொன்பதில் முகம் மங்கலானதுமே குற்றவாளி யார் என்று ஊகித்துவிட்டதாக ஓரத்தில் எழுதியிருந்தார். மறைக்க வேண்டிய முகம் ஒன்றே ஒன்று என்றால் மறைத்ததே அடையாளமாகிவிடுகிறது என்ற அவருடைய தர்க்கத்தை மறுக்க முடியவில்லை.

மாஸ்டரிடமிருந்து படி திரும்ப மூன்று வாரங்கள் ஆயின. தீபாவளித் துணிகள் குவிந்திருந்த நேரம் அது. இரவில் கடை சாத்திய பிறகு படித்ததாகச் சொன்னார். அவருடைய படியில் கோடுகள் குறைவு, குறிப்புகள் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை தொழில் சார்ந்தவை. ஒரு குறிப்பு கதையையே மாற்றியது. பல கடைகளில் காஜா கடைக்குள் எடுப்பதில்லை. தைத்து முடித்த சட்டைகளைக் கட்டாகக் கட்டிக் காஜா எடுப்பவரிடம் அனுப்பிவிடுவார்கள் என்று அவர் எழுதியிருந்தார். கைப்பிரதியில் தையற்காரரின் மனைவிக்கு ஐயம் வந்து அவரே காஜா எடுத்துப் பொத்தான் கட்டிச் சட்டையைக் கொடுத்துவிடுவதாக இருந்தது. அதை மாற்றி, காஜா கடைப் பையன் வாராவாரம் போல வந்து, அலமாரியில் இருந்ததையும் சேர்த்துக் கட்டி எடுத்துச் செல்வதாக ஆக்கினோம். யாரும் திட்டமிடவில்லை, யாரும் தவறு செய்யவில்லை. தெருவின் அன்றாட ஒழுங்கே அந்தச் சட்டையை முடித்துவிடுகிறது. நாவலின் மிக அச்சம் தரும் பக்கம் இன்று அதுதான்.

சட்டைப் பை

மாஸ்டரின் இன்னொரு குறிப்புக்குத் தனித் தலைப்பே கொடுக்க வேண்டும்.

சிவப்புக் கறை படிந்த காட்சியில், உடுத்தியவரின் வலப்பக்க மார்பில் பை இருந்ததாகக் கைப்பிரதி சொல்லியது. அந்த வரியைச் சுற்றி வட்டமிட்டிருந்த மாஸ்டர், நேரில் வந்தபோது, "பை இடப்பக்கம்தாங்க வரும். இடக்கைக்காரங்க யாராவது மாத்தி வைக்கச் சொன்னா உண்டு. இல்லேன்னா கண்ணாடியில பாத்திருக்கணும்" என்றார். அவர் குறையாகச் சொன்னார். நூலாசிரியர் வெட்கப்பட்டு உடனே திருத்தத் தாளை எடுத்தார். திருத்த வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் நாவலுக்குத் தேவைப்பட்ட தவறான வழியும் சரியான வழியும் சேர்ந்தே இருந்தன.

அன்று மாலை மூவரும் உட்கார்ந்து பேசிய பிறகு கதை இப்படி மாறியது. கணக்கர் இரண்டு சட்டைக்கான துணி கொண்டுவருகிறார். ஒன்று அவருக்கு, மற்றொன்று இடக்கைப் பழக்கமுள்ள தம்பிக்கு. இருவருக்கும் அடுத்தடுத்து அளவெடுக்கும்போது காட்சி வருகிறது. அதில் முகம் தெரியவில்லை. தம்பி தன் சட்டைக்குப் பையை வலப்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆகவே ஆபத்து தம்பிக்குத்தான் என்று முடிவு கட்டும் தையற்காரர், நாவல் முழுவதும் தவறான மனிதரைக் காவல் காக்கிறார். தான் கண்டது நேர்க்காட்சியா கண்ணாடிப் பிம்பமா என்ற கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. தம் தொழிலை நன்கு அறிந்தவர் என்பதே அவரை ஏமாற்றுகிறது; பையின் பக்கத்தைக் கவனிக்காத ஒருவர் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

இறுதிக் காட்சியில் கணக்கரின் மகளும் மருமகனும் மறுவீடு வருகிறார்கள். வாசலில் ஆரத்தித் தட்டு காத்திருக்கிறது. அதே நேரத்தில் சீர்வரிசையாக வந்த பீரோவை வண்டியிலிருந்து இறக்குகிறார்கள். அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. தூக்குபவர் ஒருவரின் கால் வழுக்க, பீரோ சாய, ஆரத்தி நீர் கணக்கரின் புதுச் சட்டையில் கொட்ட, அவர் பின்னால் சாய்கிறார். தையற்காரர் அந்தக் கண்ணாடியில் அதைக் காண்கிறார். பை வலப்பக்கம் இருக்கிறது. பீரோவின் கதவு திறந்து, கடன் கடையில் களவு போனதாகச் சொல்லப்பட்ட நகை மூட்டை தரையில் விழுகிறது. பழியைக் கணக்கரின் மேல் போடுவதற்காகக் கடை முதலாளியே அதை அங்கே ஒளித்து வைத்திருந்தார்.

விதிகளை வகுத்தது

இதற்குப் பிறகு காட்சிகளுக்கான விதிகளை எழுதுவது எளிதாயிற்று. அளவெடுக்கும் கை துணியின் சொந்தக்காரர் மேல் படும்போது மட்டுமே காட்சி வரும். முதல் முறை உடுத்தும் தருணம் மட்டுமே தெரியும். கழுத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. எனவே எந்த முகமும், யாருக்காகவும், தெரியாது. ஓசை கிடையாது. இந்த விதிகள் முதல் இரண்டு அத்தியாயங்களுக்குள் வாசகருக்குப் பழகிவிட வேண்டும், பின்னர் ஒருபோதும் மீறப்படக் கூடாது என்று முடிவு செய்தோம். ஆற்றலின் மூலம் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை. விதி உறுதியாக இருந்தால் மூலத்தை யாரும் கேட்பதில்லை என்பதைப் பின்னர் வந்த கடிதங்கள் காட்டின.

கண்டதை மாற்ற முடியுமா என்ற கேள்வியில் மட்டும் நூலாசிரியருக்கும் எனக்கும் நீண்ட கருத்து வேறுபாடு இருந்தது. நம் மரபில் இரண்டு வகைக்கும் சான்று உண்டு. தேவகியின் எட்டாம் பிள்ளையால் மரணம் என்ற அசரீரியைக் கேட்ட கம்சன் எவ்வளவு தடுத்தும் அது நடந்தே தீர்ந்தது. ஆனால் இளையவனே அரசாள்வான் என்று நிமித்திகன் கூறியபோது, மூத்தவனான செங்குட்டுவனின் மனம் வருந்தாதபடி இளங்கோ துறவு பூண்டு அந்தச் சொல்லையே பொய்யாக்கியதைச் சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை சொல்கிறது. நூலாசிரியர் இளங்கோவின் பக்கம் நின்றார். மனிதருக்கு விருப்பம் என்று ஒன்று இல்லாவிட்டால் தம் தையற்காரர் ஏன் பாடுபட வேண்டும் என்று கேட்டார். கண்டது நடக்காமலும் போகலாம் என்றால் காணும் ஆற்றலுக்கே பொருள் இல்லை என்பது என் வாதம்.

இந்த வழக்கைத் தீர்த்தவர் தமிழாசிரியை. முல்லைப்பாட்டின் தொடக்கத்தில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக்குச் சென்று, நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி, விரிச்சி (எதிர்பாராமல் காதில் விழும் நற்சொல்) கேட்டு நிற்பதை அவர் நினைவூட்டினார். அப்போது அவர்கள் காதில் விழுவது, பசியால் தவிக்கும் கன்றைப் பார்த்து ஓர் இடைமகள் "இன்னே வருகுவர் தாயர்" என்று சொல்லும் ஆறுதல். கன்றுக்குச் சொன்ன சொல், போருக்குச் சென்றவன் திரும்புவான் என்று தலைவிக்குப் பலனாகிறது. "அங்கே சொல் மட்டும் கிடைக்கிறது, காட்சி இல்லை, உங்கள் கதையில் காட்சி மட்டும் கிடைக்கிறது, சொல் இல்லை. நடப்பது மாறாது, பொருள்தான் நம்முடையது" என்று அவர் எழுதியனுப்பிய வரியை நான் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்தேன். கண்ட காட்சி அப்படியே நடக்கும். அதற்குத் தையற்காரர் கொடுத்த பொருள் மட்டுமே தவறாகும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

இந்த முடிவோடு, முன்னர் எனக்குப் பிடிபடாத வேரும் தெரிந்தது. சிரிப்பும் அச்சமும் காட்சிக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள அதே இடைவெளியில்தான் பிறக்கின்றன. முதல் அத்தியாயத்தில், புதுச் சட்டையின் கழுத்துப் பட்டி கண்ணீரில் நனைவதைக் கண்டு ஓர் இளைஞருக்காக இரவெல்லாம் வருந்தும் தையற்காரர், பிறகு அது மணமேடையில் ஓமப்புகையால் வந்த கண்ணீர் என்று அறிகிறார். வாசகர் சிரிக்கிறார், சிரிக்கும்போதே விதியையும் கற்றுக்கொள்கிறார். ஏழாம் அத்தியாயத்தில் இதன் மறுபக்கம் வருகிறது. பேருந்து நிலையத்தில் ஒரு மகனை இரு கைகள் இறுகத் தழுவியிருப்பதைக் கண்டு, ஊர் திரும்பிய பிள்ளை என்று அவன் தாயிடம் மகிழ்ச்சியோடு சொல்லிவிடுகிறார். அது வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் புறப்பட்ட மகனுக்குத் தாய் தந்த விடை. நான் நீக்கச் சொன்ன நகைச்சுவைப் பகுதிகள் எல்லாம் திரும்பி வந்தன, மேலும் நான்கு சேர்ந்தன.

கொலையை நீக்கியது

தேநீர்க் கடைக்காரரின் கொலையைப் பற்றி ஆசிரியை எழுதிய குறிப்பு சுருக்கமானது: "இறந்தவருக்குப் பதினாறாம் நாள்கூட ஆகவில்லை, அதற்குள் தெரு முழுவதும் சிரிக்கிறது." நூலாசிரியர் இதை உடனே ஏற்றார். தயங்கியவன் நான்தான், ஏனென்றால் பிணம் இல்லாத மர்ம நாவலை விற்பது கடினம் என்று விற்பனையாளர்கள் சொல்லி வந்தார்கள். கொலையை வைத்துக்கொண்டு சிரிப்பைத் தள்ளிப்போடலாமா என்று முயன்று பார்த்தோம். மூன்று அத்தியாயங்கள் இருண்டு கிடந்தன, அதிலிருந்து தெருவை மீட்க முடியவில்லை. ஆகவே அந்தத் தெருப் பெண்கள் அடகு வைத்த நகைகள் காணாமல் போவதே குற்றமாயிற்று. இழப்பு உண்மையானது, ஆனால் அந்தத் தெருவால் தாங்கிக்கொள்ளக் கூடியது. ஒருவரும் சாகவில்லை, ஒருவர் சாகப் போகிறார் என்று வாசகர் கடைசி வரை நம்புகிறார்.

அப்படி நம்ப வைப்பது ஏமாற்று ஆகிவிடாமல் இருக்க இரண்டு கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டோம். கதைசொல்லி ஒரு போதும் 'இரத்தம்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. 'சிவப்பு' என்று மட்டுமே சொல்ல வேண்டும். இரத்தம் என்று முடிவு கட்டுவது தையற்காரரின் மனமாக இருக்க வேண்டும். ஆரத்தி நீர் எப்படிச் சிவக்கிறது என்பதும் முன்னரே கதையில் காட்டப்பட்டிருக்க வேண்டும். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் சுண்ணாம்பு போன்ற காரப் பொருளோடு சேரும்போது சிவப்பாகிறது. இதை மூன்றாம் அத்தியாயத்தில், எதிர்வீட்டில் ஒரு பாட்டி மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைக்கும்போது வேடிக்கை பார்க்கும் குழந்தையின் கேள்வியாக வைத்தோம். மாணவர் புதிய படியைப் படித்தபோது அந்த இடத்தைக் கடந்து போனார். முடிவை அடைந்ததும் திரும்பி வந்து அதைத் தேடிக் கண்டுபிடித்தார்.

அச்சும் வரவேற்பும்

இறுதி வடிவம் 24 அத்தியாயங்கள், 192 பக்கங்கள். அதாவது 16 பக்க ஃபாரங்களாகச் சரியாகப் பன்னிரண்டு. சென்னைப் புத்தகக் காட்சிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு அச்சகத்துக்குப் போனது. கடைசி வாரத்தில் மெய்ப்பு ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. முதல் அச்சு 600 படிகள். ஓராண்டுக்குள் பெரும்பகுதி விற்றது. எங்கள் அளவில் அது நல்ல விற்பனை.

கொலையே இல்லையே என்று ஏமாற்றம் தெரிவித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நியாயமான பதில் என்னிடம் இல்லை. அவர்கள் வேறொரு நாவலை எதிர்பார்த்து வாங்கினார்கள். அதிகம் பேசப்பட்டவை காஜா கடைப் பையன் வரும் பக்கமும் பேருந்து நிலையத் தாயும். சட்டைப் பையைப் பற்றி எழுதிய பலர், படித்து முடித்ததும் கண்ணாடி முன் போய் நின்று பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

உரக்கப் படிக்கும் சோதனையைத் திருத்தச் சொல்வதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் நூலாசிரியரின் இரண்டரை மாத உழைப்பு மிஞ்சியிருக்கும். தொழில் அறிந்த வாசகரையும் இறுதியில் சேர்க்காமல் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். அவருக்கு உரிய ஊதியமும் கொடுக்க வேண்டும். மாஸ்டர் பணம் வாங்க மறுத்துவிட்டார் என்பது நாங்கள் முன்கூட்டியே பேசாததற்குச் சமாதானம் ஆகாது. அடுத்த நூல்களில் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வருகிறோம்.

பின்னட்டைக் குறிப்பை நான் எழுதினேன். அதில் 'இரத்தக் கறை படிந்த சட்டை' என்று இருந்தது. நூலுக்குள் 192 பக்கங்களிலும் கவனமாகத் தவிர்த்த சொல்லை, நூலின் தோலில் நானே அச்சிட்டுவிட்டேன். அது கதைசொல்லியின் குரலில் அமைந்த பொய். ஒரு வாசகர் சுட்டிக்காட்டும் வரை எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அட்டையை விளம்பரமாக மட்டுமே பார்த்தோம். இப்போது பின்னட்டை வாசகத்தையும் கைப்பிரதியின் பகுதியாகவே கருதி, அதே விதிகளுக்கு உட்படுத்துகிறோம்.

இதைவிடப் பெரிய பிழை இறுதிக் காட்சியில் இருந்தது. கொட்டியது இரத்தம் அல்ல என்று கூட்டத்துக்குக் காட்டுவதற்காக, தையற்காரரின் மனைவி கறையின் மேல் சோப்பைத் தேய்க்க, அது மஞ்சளாக மாறுவதாக முதல் அச்சில் உள்ளது. வேதியியல் ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதினார். சோப்பும் காரத் தன்மை உடையது. அதைத் தேய்த்தால் சிவப்பு மாறாது. மஞ்சளாக மாற்ற அமிலம் வேண்டும் என்று பணிவோடு விளக்கியிருந்தார். கடிதம் வந்த அன்றே அலுவலகத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெள்ளைத் துணித் துண்டில் கொட்டிப் பார்த்தோம். சோப்பைத் தேய்த்த இடம் சிவப்பாகவே நின்றது. எலுமிச்சைச் சாறு பிழிந்த இடம் கண்ணெதிரே மஞ்சளாயிற்று. பத்து நிமிட வேலை. பையின் பக்கத்துக்கு அத்தனை கவனம் செலுத்திய நாங்கள், சமையலறையில் இருக்கும் பொருள்களை வைத்துச் செய்யக்கூடிய சோதனையைச் செய்யாமல் அச்சுக்கு அனுப்பியிருந்தோம்.

திருத்தம் எளிதாகவே அமைந்தது. மறுவீடு வரும் வாசலில் திருஷ்டி கழிப்பதற்காக எலுமிச்சம்பழம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. இரண்டாம் அச்சில் பீரோவுக்கு அடியில் நசுங்கிய அந்தப் பழத்தின் சாறு சட்டையில் தெறிக்கிறது; சிவப்புக்கு நடுவே மஞ்சள் புள்ளிகள் தோன்றுவதை முதலில் கவனிப்பது, மூன்றாம் அத்தியாயத்தில் கேள்வி கேட்ட அதே குழந்தை. பின்னட்டையும் மாற்றப்பட்டது. முதல் அச்சில் கையிருப்பாக இருந்த படிகளில், உரிய பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டி, அதில் அந்த ஆசிரியருக்கு நன்றியும் தெரிவித்து விற்றோம்.